எழுபத்திரண்டு டிகிரி

"நித்யா, வேகத்தை இவ்வளவு கூட்டியும் சூடு எழுபத்திரண்டு டிகிரிதான்! ஒரு மணி நேரமா ஹேங் ஆகவே இல்ல," என்று ஜெகதீஸ்வரன் கூவினான்.

திருச்செங்கோட்டுக் கல்யாண வீடியோவை ஐந்து மணி வரவேற்பில் போட்டுக் காட்டியாக வேண்டும். பழைய கம்ப்யூட்டர் மெதுவாக இழுத்ததால், காலையில்தான் புது பிராசசர் வாங்கி வந்து மாட்டினான். அதன்மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்டை வைக்கச் சொல்லி மனைவியிடம் டியூபைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான். வந்ததும் ஃபேனைப் பொருத்தி, பிராசசரின் வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றி, வீடியோவை உருவாக்க ஓடவிட்டான்.

"எல்லாம் நீ பட்டாணி அளவுக்கு வெச்ச பேஸ்ட்தான்!"

நித்யஸ்ரீ தயங்கினாள். "பேஸ்ட் நான் இன்னும் வைக்கலீங்களே. டியூப் அப்படியே இருக்குதுங்க."

"பின்ன அந்த மஞ்சப் பேஸ்ட்? புது கம்பெனின்னுல்ல நெனச்சேன்!"

"புதுசா எது வாங்கினாலும் பொட்டு வெப்போமுங்களே. சந்தனம் வெச்சுட்டுக் கையைக் கழுவப் போனேன். அதுக்குள்ள நீங்க மூடிட்டீங்க."

ஜெகதீஸ்வரனின் கை சுவிட்சுக்குப் போனது. வீடியோ உருவாகி முடிய இன்னும் இருபது நிமிடம். இப்போது நிறுத்தினால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். கையை இழுத்துக்கொண்டான்.

"அதுவரைக்கும் தாங்குமா?"

"ஏனுங்க பயப்படறீங்க? சந்தனம் குளிர்ச்சிதானுங்களே!"