உதைக்காத கால்

திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில், அவிழ்த்துவிட்ட ஜட்கா முன்பக்கம் கவிழ்ந்து கிடக்கிறது. புளியமர நிழலில் சவுரிராயன் தன் செவலைக் குதிரையின் பின்னங்காலில் காய்ச்சிய வேப்பெண்ணெயைத் தேய்க்கிறான். மயிர் படிந்த பக்கமாகவே உள்ளங்கை இறங்குகிறது, வாய் “உஸ்... உஸ்...” என்கிறது. நேற்றுவரை இந்த வீக்கத்தில் விரல் பட்டாலே உதைத்த குதிரை, இன்று கட்டைவிரலை ஊன்றி அழுத்தியும் காதைக்கூட அசைக்கவில்லை. எண்ணெய்ச் சட்டியோடு நிற்கும் அவன் மனைவி சூசையம்மாளுக்கு முகம் மலர்கிறது. “வலி விட்டுப்போச்சுய்யா. பாரு, ஒதைக்கவே இல்ல.” அவன் கை இன்னும் கீழே இறங்குகிறது. வீக்கத்துக்குக் கீழே கால் சில்லிட்டிருக்கிறது. பட்டாளத்து லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது. குதிரைக்காரன் எவனும் உட்காராத இடத்தில், குளம்புக்கு நேர் பின்னால், முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மறுபடியும் அழுத்துகிறான். “ஒதைடி செவல,” என்கிறான். “ஒரு தபா ஒதை.”