ஊர் அறிவிப்பு

"ஆறு மணிக்குச் செய்தி வாசிச்சா, அப்புறம் மீன் சமைச்சா, இப்ப மழை வருமாங்கறா! டி.வி.யில இந்தப் பொம்பளைய விட்டா வேற ஆளே இல்லையா?" என்று பொருமினான் லோஃபா.

"நம்ம நியுவே தீவுல இருக்கறதே ஒரு சேனல். பிடிக்கலைன்னா அணைச்சுடுங்கண்ணே" என்றான் பக்கத்து வீட்டு தீஃபா.

"ஏன் அணைக்கணும்? அவளால திருப்பிப் பேச முடியாது பாரு, அதான் ஆசை தீரத் திட்டறேன்."

கடைசியாக ஊர் அறிவிப்புகள் வந்தன. காணாமல் போன பன்றி, சர்ச் கூட்டம் இரண்டையும் வாசித்தவள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

"அடுத்து, அலோஃபியில் இருக்கும் லோஃபாவுக்கு. அடுப்பில் நான் வைத்துவிட்டு வந்த சேப்பங்கிழங்கு இந்நேரம் அடிப்பிடித்திருக்கும். திட்டியது போதும், எழுந்து போய் இறக்கவும். இப்படிக்கு, உங்கள் மனைவி."

அடுக்களைக்கு ஓடிய லோஃபாவின் காதில் தெருவே சிரிப்பது விழுந்தது.