இரண்டாவது விடை

பஸ்ஸிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். என் மாமனார் பதினோரு முகத்தையும் பார்த்தார்.

பிறகு படியேறி, உள்ளே காலி சீட்டுகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கினார். கண்டக்டர் சிரித்தான். ஆறடி மகன் சீட்டுக்கு அடியிலா ஒளிந்திருப்பான்?

அருப்புக்கோட்டையில் இந்தப் பிப்ரவரி முழுக்க இதே கூத்துதான். விருதுநகர் ரயிலடியிலிருந்து பாலவனத்தம் வழியாகப் புகை கக்கிக்கொண்டு வரும், பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் சாயங்கால பஸ்ஸுக்கு, மாமா தினமும் வெளுத்த வேட்டியோடு வந்து நிற்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன்.

இன்று தேதி இருபத்தெட்டு. 1945 லீப் வருஷமும் இல்லை.

நானும் என் வீட்டுக்காரர் தாவீதுராஜும் கணக்கு வாத்தியார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனார். பட்டாளத்துக் கடிதங்களைப் பிரித்துப் படித்து, ஊர்ப் பெயர், தேதி எது இருந்தாலும் மை பூசி அழித்துவிடுவார்கள். அதனால் கிளம்பும்போதே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. லீவு கிடைத்தால் ஒரு கணக்கு எழுதி அனுப்புவார். விடை எந்த எண்ணோ, அந்த மாதம் வருகிறார் என்று அர்த்தம்.

போன ஜூலையில் பள்ளிக்கூட முகவரிக்குக் கடிதம் வந்தது. ‘உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு’ என்று எழுதியிருந்தார்.

√(x + 7) = x − 5

மை பூசுகிறவனுக்கு அல்ஜீப்ரா தெரியாது போல. விட்டுவிட்டான்.

இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினேன். மூலக்குறி போய்விட்டது. விடை இரண்டு வந்தது. ஒன்பது, இரண்டு.

செப்டம்பர் மாமா, என்று சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், எங்கள் கணக்கு வேதத்துக்கு அடுத்தபடி என்று நம்புகிறவர். மறுநாளே சுண்ணாம்பு வாங்கப் போனார்.

செப்டம்பர் முடிந்தது. ஆள் வரவில்லை. இன்னொரு விடையும் இருக்கிறது மாமா, இரண்டு, என்றேன். விரல் விட்டு எண்ணினார். ஐந்து மாதம். அதற்கென்ன, என்றார்.

இந்த இடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள். வர்க்கப்படுத்தும்போது பொய் விடையும் ஒன்று உள்ளே நுழைந்துவிடும். கிடைத்ததை முதல் வரியில் போட்டுச் சரிபார்க்க வேண்டும். பார்க்காத பிள்ளைக்கு நான் பாதி மார்க்கை வெட்டுவேன். அழுதாலும் வெட்டுவேன்.

ஒன்பதைப் போட்டால் இரண்டு பக்கமும் நான்கு. இரண்டைப் போட்டால் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் கழித்தல் மூன்று. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அந்த இரண்டுக்கு அதுகூட வராது.

வரைபடம் போட்டாலும் அப்படித்தான். வளைகோடும் நேர்கோடும் ஒன்பதில் மட்டும் சந்திக்கும். இரண்டுக்கு நேரே ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவில் ஆறு கட்டம். எத்தனை தடவை வரைந்தாலும் ஆறு கட்டம். நான் நிறையத் தடவை வரைந்து பார்த்துவிட்டேன்.

தெரிந்தேதான் மாமாவிடம் சொன்னேன்.

செப்டம்பர் நான்காம் தேதி, மூன்றாவது பீரியடில் எனக்குத் தந்தி வந்தது. வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவதாகத்தான் வந்தேன். மாமா ஏணி மேல் நின்று, மகன் வருவான் என்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். இமையெல்லாம் சுண்ணாம்பு. வாசக்கதவுக்கு நீலமா பச்சையா என்று கேட்டார். நீலம் என்றேன்.

அதற்கப்புறம் சொல்லவே முடியவில்லை. தந்தி என் லாகரிதம் புத்தகத்துக்குள் இருக்கிறது. நான் கலர்ச் சேலைதான் கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போருக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வர ஜெபிக்கும்போது, மாமா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக ஆமென் சொல்கிறேன். ஆறு மாதமாக என் புருஷனுக்காக நான் ஒரு சொட்டு அழவில்லை. அழ முடியாதது சாவை விடக் கொடுமை.

டிரைவர் பஸ்ஸைத் திருப்பி ஓரங்கட்டினார். மாமா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். என்னை நேராகப் பார்க்கவில்லை.

“ஒம்பதும் போச்சு, ரெண்டும் போச்சு. ஏந்தாயி, மூணாவதா ஒரு விடை இருக்குமா?”

இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டுக்கு மேல் விடை கிடையாது. பதினாலு வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

“வீட்டுக்குப் போயி போட்டுப் பாக்குறேன் மாமா.”

அவர் முகம் தெளிந்தது. சிலேட்டைத் துடைத்து வைக்கிறேன் என்று சொல்லி, எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தார்.