நிறம் போன தண்ணீர்

காலை வெயில் சாயப்பட்டறையின் கூரை இடுக்கு வழியாக இரும்புக் குழாயின் மேல் விழுகிறது. கழிவுநீர் குறுகலான துளைக்குள் பீறிட்டு நுழைகிறது. அங்கே பிறக்கும் குமிழிகள் அடுத்த கணமே நொறுங்கி, சாயத்தையும் சேர்த்து உடைக்கின்றன. குழாய்க்குள் ஜல்லிக்கல் உருளுவதுபோலச் சத்தம். அந்தத் துளையின் அளவோடு நான்கு வருடம் மல்லுக்கட்டிய பொறியாளர் இறந்து மூன்று வாரமாகிறது. அவர் கடைசியாகக் குறித்துவைத்த அளவில்தான் அவருடைய தம்பி தகட்டில் துளையிட்டுக் குழாயில் மாட்டியிருக்கிறான். "அண்ணி, இதைப் பாருங்க" என்று கண்ணாடிக் குவளையை நீட்டுகிறான். கருநீலமாக உள்ளே போன தண்ணீர் நிறமே இல்லாமல் வந்திருக்கிறது. இறந்தவரின் மனைவி அதை வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். குவளையின் மறுபக்கம் அவளுடைய விரல் ரேகைகூடத் தெரிகிறது. "போன மாசம்தான் இதை மூட்டை கட்டுங்கன்னு சொன்னேன். அவரும் சரின்னுட்டார்" என்கிறாள். தம்பி பம்பை நிறுத்தக் கை நீட்டுகிறான். "வேண்டாம்ப்பா. கொஞ்ச நேரம் ஓடட்டும்."