எதிரி நம்பர் ஒன்று

“எதிரி நம்பர் ஒண்ணு, வைரவன்! பேரு, அப்பா பேரு, தெருப் பேரு, எல்லாம் சரியா இருக்கு அத்தான்!”

போனில் மச்சினன் பாஸ்கர் சொல்லி முடிப்பதற்குள் கல்யாணசுந்தரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கோர்ட்டுத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். கல்யாணசுந்தரத்தின் தமிழில் அவரை எதிர்த்துத் தேர்தலில் நிற்பவர்.

வளைகுடா நாட்டுக் கராமாவில் வருஷா வருஷம் பொங்கல் விழா நடத்தும் நண்பர்கள் வட்டத்துக்கு அவர்தான் நிரந்தரத் தலைவர். போட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. இந்த வருஷம் டைல்ஸ் கம்பெனி வைரவன், ஒரு பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்காத மனுஷன், திடீரென்று தலைவர் பதவிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

அதே வாரம் யாரோ ஒரு புண்ணியவான், பெயர் சொல்லாமல், கல்யாணசுந்தரத்துக்கு வாட்ஸப் அனுப்பினார். ஊர்க் கோர்ட்டில் வைரவன் மேல் ஒரு அடிதடி வழக்கு இருந்ததாம். வழக்கு எண்ணும் வருஷமும் கூடவே இருந்தன.

மனைவி ஷியாமளாவின் தம்பி பாஸ்கர் அந்தக் கோர்ட்டில்தான் ஹெட் கிளார்க். “கோர்ட்டே என் மச்சினன் கையில” என்று கல்யாணசுந்தரம் பீற்றிக்கொள்ளாத விருந்து கிடையாது. யாராவது உதவி என்று வந்து நின்றால் மட்டும், “சிபாரிசுன்னா அவனுக்கு ஆகவே ஆகாது” என்று கதவைச் சாத்திவிடுவார்.

தனக்கென்று வந்தபோது சிபாரிசு ஆயிற்று.

“லேசுல கிடைக்கல அத்தான்,” என்றான் பாஸ்கர். “இதே கேஸ் கட்டைக் கேட்டு முன்னாடியும் மனு வந்திருக்கு. ‘கிடைக்கவில்லை’ன்னு எழுதித் திருப்பிட்டாங்க. நான்தான் லீவு நாள்ல ரெக்கார்டு ரூமுக்குள்ள பூந்து, மழைத்தண்ணி ஒழுகுற மூலையிலேர்ந்து உருவினேன். தும்மல் இன்னும் நிக்கல.”

“பாத்தியா! நமக்கு முன்னாடியே எவனோ அவனைத் தோண்டியிருக்கான். அவ்வளவு யோக்கியன்!”

“சம்பந்தமில்லாதவங்க நகல் கேட்டா காரணம் காட்டணும் அத்தான்.”

“பொதுநலன்னு காட்டு. வக்கீல் வச்சு மனு போடு. கோர்ட் சீல் வச்ச நகல்தான் வேணும்.”

“சரி. ஆனா கடைசிப் பக்கத்துல என்னன்னா...”

“போன்ல சொல்லாதே, லீக் ஆயிடும்! நம்ம வட்டத்துச் சாதிக் பாட்ஷா லீவு முடிஞ்சு ஊர்லேர்ந்து வர்றார். கவரை ஒட்டி அவர் கையில குடு.”

பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஷியாமளா தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு பொங்கப் பானைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?”

பொதுக்குழு ஓட்டல் மாடியில் கூடியது. ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்த சாதிக் பாட்ஷா, பெட்டியைத் திறந்து கவரை நீட்டினார். கல்யாணசுந்தரம் அதை வாங்கவில்லை.

“நான் படிச்சா பொறாமைம்பாங்க. நீங்க பொது மனுஷன், நீங்களே படிங்க பாய்.”

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வைரவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “சத்தமாப் படிங்க பாய்,” என்று மட்டும் சொன்னார்.

சாதிக் பாட்ஷா படித்தார். வரப்புத் தகராறு. எதிரி வைரவன் கட்டையால் தாக்கியதாகப் புகார். வடையைக் கடித்த வாய்கள் அப்படியே நின்றன.

“இந்தக் கைகிட்டயா பொங்கப் பானையைக் குடுக்கப் போறீங்க?” என்று கல்யாணசுந்தரம் எழுந்து நின்று முழங்கினார். “நிறுத்தாதீங்க பாய், கடைசி வரைக்கும் படிங்க!”

சாதிக் பாட்ஷா கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். குரல் சற்றே இறங்கியது. “குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாததால், எதிரி குற்றவாளி அல்ல என முடிவு செய்து, இந்நீதிமன்றம் அவரை விடுதலை செய்கிறது.”

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோருமே தட்டினார்கள். கல்யாணசுந்தரத்துக்குக் காது மடல் சூடானது.

வைரவன் எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துக் கல்யாணசுந்தரம் ஓர் அடி பின்வாங்கினார். வைரவனோ நகலை இரு கையாலும் வாங்கி, கோர்ட் சீலை விரலால் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் குடுத்தா, கேஸ் இன்னும் இருக்குன்னே ஊர்லேர்ந்து போலீஸ் ரிப்போர்ட் வருது சார். விடுதலையான தீர்ப்பைக் காட்டுங்கறாங்க. கோர்ட்ல கேட்டா, கட்டே இல்லைங்கறாங்க. தை மாசம் ஊர்ல என் பொண்ணு கல்யாணம். எப்படிப் போறதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன்.”

“அட, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“போன பெருநாள் லீவுல உங்க வீட்டு வாசல்ல வந்து சொன்னேன் சார். சிபாரிசு ஆகாதுன்னீங்க.”

கல்யாணசுந்தரத்துக்கு அப்படி ஒருவர் வந்த நினைவே இல்லை. “அப்போ அந்த வாட்ஸப்...?”

“நான்தான் சார்.”

“தேர்தல்?”

வைரவன் நகலை மடங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“வாபஸ் சார். எதிர்த்து நின்னாத்தானே நீங்க தேடித் தருவீங்க!”