பழைய டைல்ஸ் மேலேயே

“உடைக்க வேண்டாம். பழைய டைல்ஸ் மேலயே புதுசைப் போட்டுரு” என்றார் அய்யாதுரை.

கொத்தனார் தங்கவேல் சுத்தியலைக் கீழே வைத்தார். குளியலறை வாசலில் நின்றிருந்த சுலோச்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதமாகக் கேட்டுக் கேட்டு, இன்றைக்குத்தான் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்.

“பாதி டைல்ஸ் பேந்துண்டு கிடக்கு. அதுக்கு மேல ஒட்டினா எத்தனை நாள் நிக்கும்?”

“பேந்ததை மட்டும் எடுத்திருவான்மா. மிச்சம் பாறை மாதிரி இருக்கு.”

“போன வெள்ளிக்கிழமை என் பொண்ணு வழுக்கி விழுந்தா, தெரியுமோன்னோ?”

“தெரியும்மா. அதுக்குத்தான் சொரசொரப்பான டைல்ஸா பாத்து வாங்கியிருக்கேன்.”

மகள் வைஜயந்திக்குப் பதினைந்து வயது. குழந்தையில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் தனியாகவே போய்விடுவாள். சட்டத்தைக் கழற்றினால் சுவரைப் பிடித்து நடப்பாள். குளிக்க மட்டும் அம்மா துணை வேண்டும். கையைப் பிடித்து ஒரு படி கீழே இறக்கிவிட்டு, அம்மா கூடவே நிற்க வேண்டும். வயதுப் பெண், தலையைக் குனிந்தபடியே குளித்து முடிப்பாள்.

“ஹைட் ஏறிப்பூடும் சார்” என்றார் தங்கவேல்.

“ஏறட்டும்.”

“தண்ணியெல்லாம் கூடத்துக்கு வருமே!” என்றாள் சுலோச்சனா.

“வாட்டம் குடுத்துப் போட்டா மூலைக்கு ஓடிரும்” என்றவர், தங்கவேலின் காதில் ஏதோ சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

சுலோச்சனாவின் வாய் சும்மாவே நீளம். கேட்கவா வேண்டும்?

“எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன்! உடைச்சா கூலி ஆகுமோன்னோ? ஜவுளிக்கடைக்காரர், பாத்ரூமுக்கும் ஒட்டுப் போடறார். எங்காத்துக்காரர் ஆபீஸ்லேர்ந்து வரட்டும், வேற ஆம் பார்த்துக் குடிபோயிடலாம்னு சொல்றேன்.”

மாடிக்குக் கேட்கும்படிதான் சொன்னாள். அந்தக் கோபத்தில் அன்றைக்குக் கொத்தனாருக்கும் காபி கிடைக்கவில்லை.

சிமென்ட் காயும்வரை நாலு நாள், கொல்லையில் தட்டி கட்டிக் குளியல். வசவும் நாலு நாள் நடந்தது.

ஐந்தாம் நாள் காலையில் அய்யாதுரையும் தங்கவேலும் வந்து நின்றார்கள்.

“இனிமே குளிக்கலாம்மா. பிள்ளையை வரச் சொல்லுங்க” என்றார் அய்யாதுரை.

சுலோச்சனா துண்டை எடுத்துக்கொண்டு, பழக்கப்படி மகளின் கையைப் பிடித்தாள்.

“நீங்க பிடிக்காதீங்க. அது தானா போவும்” என்று சொல்லிவிட்டு அய்யாதுரை வாசல் பக்கம் போய்விட்டார்.

வைஜயந்தி சுவரைப் பிடித்தபடி வந்தாள். குளியலறைக் கதவருகே வழக்கம்போல் நின்று கீழே பார்த்தாள். இறங்குவதற்கு அங்கே பள்ளமே இல்லை. கூடமும் குளியலறையும் ஒரே மட்டமாக இருந்தன. சூம்பிய காலை இழுத்து இழுத்து, அப்படியே உள்ளே போய்விட்டாள்.

சுலோச்சனா குனிந்து தரையைப் பார்த்தாள்.

“பழச ஒடைச்சு எடுத்தா இன்னும் பள்ளமாயிடும்மா” என்றார் தங்கவேல் மெதுவாக. “அதான் ஒடைக்க வாணாம்னாரு. டைல்ஸுக்குக் கீய மூணு இன்ச்சு கலவை போட்டு ஏத்திக்கீறேன். மாடி வேலைக்கின்னு அலைஞ்சி கவருமென்ட்டு பர்மிட்ல வாங்கி வச்ச சிமென்ட்டு பூரா இங்கதான் பூட்ச்சு.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“நானும் கேட்டேன். ‘கால் விசயத்த அந்தப் பொண்ணு எதிர்ல பேசினா அதுக்கு மன்சு கஷ்டப்படும், அந்தம்மா திட்னா திட்டிட்டுப் போட்டும்’னாரு.”

நாலு நாள் பேசிய பேச்சை நினைக்க, சுலோச்சனாவுக்கு மாடிப்படியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டோடு மகளின் பின்னால் போனாள்.

கதவிடுக்கில் ஒரு கை நீண்டு துண்டை வாங்கிக்கொண்டது.

“நீ போம்மா. நானே குளிச்சுக்கறேன்.”

பதினைந்து வயதில் முதல் முறையாக, வைஜயந்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.