வடை மென்ற குரல்

2005-ல் எங்கள் சிறுசேரி அலுவலக ஹாலில் முதலாளி பேசியது, முதன்முறையாக இன்டர்நெட்டில் பதினொரு கிளைகளுக்கும் நேரலையாகப் போனது. ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. தொடக்க அறிவிப்பையும் கன்ட்ரோல் ரூம் மைக்கில் நானே கம்பீரமாக வாசித்துவிட்டு, தட்டு நிறைய வடையோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.

பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. திடீரென்று, நேரலை ஓடிய கம்ப்யூட்டரில் முதலாளியின் குரலுக்கு மேல் இன்னொரு குரல், எதையோ மென்றுகொண்டே பேசியது.

"இந்தாளு இன்னிக்கு நிறுத்த மாட்டாரு போல. திருப்போரூர் பஸ்ஸு போயிடும்."

நானும் அந்த பஸ்ஸைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக வாய்விட்டா சொல்வது?

"ஹால்ல எவன்யா அது? பேரைக் கண்டுபிடி, இன்னிக்கே மெமோ குடுக்கிறேன்" என்று உதவியாளர் பிரவின்குமாரிடம் எகிறினேன்.

அவன் தயங்கினான். "சார், நாம பேசுறது முப்பது செகண்ட் கழிச்சுதான் இன்டர்நெட்ல கேக்கும்."

"அதுக்கு இன்னா இப்ப?"

அவன் என் எதிரே இருந்த மைக்கைக் காட்டினான். அறிவிப்பு வாசித்ததிலிருந்து அதை நான் அணைக்கவே இல்லை.

பாய்ந்து அணைத்தேன். பதினொரு கிளைகளும் கேட்டுக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரில் அதே குரல் எகிறியது.

"ஹால்ல எவன்யா அது? பேரைக் கண்டுபிடி, இன்னிக்கே மெமோ குடுக்கிறேன்."